அவுட் என்ற கட்டம்

நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். பத்தாவது தொடங்கிய மாதத்திலேயே ஒரு லாரியில் ஏறித் திருப்பூர் போய்விட்டேன். அங்கிருந்து மும்பை, மும்பையிலிருந்து மஸ்கட், கடைசியாகச் சிங்கப்பூர். எந்த இடத்திலும் நான்கு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை. கால் தானாகக் கிளம்பிவிடும். போன இடத்திலெல்லாம் வேலை மாறியது, சாப்பாடு மாறியது, ஒன்று மட்டும் மாறவில்லை. கூடத் தங்கியவர்களுக்கு எழுதிக் கொடுப்பேன். தங்கை கல்யாணத்துக்கு வாழ்த்து மடல், மனைவி பிறந்தநாளுக்கு ஆறு வரி, இறந்துபோன அப்பாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நான்கு வரி. விஷயத்தைக் கேட்டுக்கொள்வேன். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் தலை காய்வதற்குள் எழுதி முடித்திருப்பேன். அதை ஒரு திறமை என்று நான் நினைத்ததில்லை. சிலருக்கு விசில் வரும். எனக்கு இது வந்தது.

சிங்கப்பூரில் துவாஸ் என்ற இடத்துத் தொழிலாளர் விடுதியில் எனக்கு அடுத்த கட்டிலில் ஒரு வெல்டர் இருந்தார். என்னைவிட ஆறு வயது சின்னவர். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். அது இல்லாவிட்டால் தட்டில் இருப்பது கோழியா உருளைக்கிழங்கா என்று தெரியாது. என்னிடம் அதிகமாக எழுதி வாங்கியது அவர்தான். மனைவிக்கு அனுப்ப.

"அண்ணே, அவளுக்கு ஏதாவது போடுங்கண்ணே. மூஞ்சிய தூக்கி வச்சிருக்கா."

முதலில் தானே எழுதியதாக அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி என்னிடமே பேசினார்.

"அண்ணே, நேத்து வந்தது நல்லா இருந்துச்சு. இவருக்கு 'சாப்ட்டியா'வத் தாண்டி ஒண்ணும் வராது. நீங்கதான்னு தெரியும்."

"இனிமே எழுதலம்மா."

"ஐயோ, எழுதுங்க. இவரு சொந்தமா எழுத ஆரம்பிச்சா எங்க போறது?"

வெல்டர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆங்கில எழுத்துகளும் அச்சு மாதிரி வரும். அதனால்தான் கப்பல் பட்டறையில் என்னை ஹோல் வாட்ச் ஆக்கினார்கள். கப்பலின் வயிற்றில் தண்ணீர் நிரப்பும் தொட்டிகள் இருக்கும். பழுது பார்க்க ஆட்கள் ஒரு வட்டத் துவாரம் வழியாக உள்ளே இறங்குவார்கள். உள்ளே காற்றோட்டம் கிடையாது. புளோயர் வைத்துக் குழாய் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஹோல் வாட்ச் என்பவன் அந்தத் துவாரத்தின் வாயில் உட்கார்ந்திருப்பவன். இறங்குகிறவர் பெயருக்கு நேரே இன் என்ற கட்டத்தில் நேரம் எழுத வேண்டும். ஏறி வந்ததும் அவுட் என்ற கட்டத்தில் நேரம் எழுத வேண்டும். ஒரு அவுட் கட்டம் காலியாக இருந்தாலும் அவன் எழுந்து போகக் கூடாது. சுத்தியலும் சூடும் இல்லாத வேலை. நிழலில் உட்கார்ந்து எழுதுவதற்குச் சம்பளமா என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்துக்கு ஆறு பேர் ஏறி வந்தார்கள். ஒவ்வொருவராகத் தலை நீட்ட, நான் நேரம் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியாக வெல்டர். ஹெல்மெட்டைப் பார்த்தேன், அவர் என்று தெரிந்துகொண்டேன், பதிவேட்டில் குனிந்தேன். புளோயர் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"வரேன்ண்ணே."

நான் அவுட் கட்டத்தில் நேரம் எழுதினேன்.

தமிழில் போகிறவன் போகிறேன் என்று சொல்ல மாட்டான். அது ஆகாத வார்த்தை. வரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, உங்களுக்கும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். சாப்பிடப் போகிறார், சொல்லிக்கொண்டு போகிறார் என்று என் காது எடுத்துக்கொண்டது. அவர் சொன்னது அதுவல்ல. பாதி ஏறி வந்தவருக்குக் கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டது நினைவு வந்திருக்கிறது. வெல்டிங் முகமூடிக்குள் அவருக்கென்று பவர் லென்ஸ் மாட்டியிருப்பார், அதைப் போடும்போது கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைப்பார். எடுத்துட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத் திரும்ப இறங்கியிருக்கிறார். எடுத்துட்டு என்பதை அவர் சொன்னாரா, சத்தத்தில் என் காதில் விழவில்லையா, அல்லது சொல்லவே இல்லையா என்பது எனக்குத் தெரியாது. சில நாள் கேட்ட மாதிரி இருக்கும். சில நாள் இருக்காது.

போர்மேன் வந்து பதிவேட்டைப் பார்த்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. புளோயரை நிறுத்தி அடுத்த தொட்டிக்கு மாற்றச் சொன்னார். நான் சாப்பிடப் போனேன். உள்ளே வெல்டிங் வாயுக் குழாய் ஒன்று கசிந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. மூச்சு திணறுவதுகூடத் தெரியாது, தூக்கம் வருவது மாதிரி வரும் என்று பிறகு சொன்னார்கள். சாப்பாடு முடிந்து தொட்டியைச் சரிபார்க்க வந்தவர்கள் காற்றைச் சோதித்தபோது கருவி கத்தியது. விளக்கடித்துப் பார்த்ததில் அவர் கீழே கிடந்தது தெரிந்தது. அவரைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். கண்ணாடிக் கூடு கையில் இருந்தது.

விசாரணைக்கு ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். அதிகாரி கண்ணியமானவர், எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மொழிபெயர்க்க ஒரு தமிழர் இருந்தார். இறந்தவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்கள். வரேன் என்று சொன்னார் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று அவர் சொன்னதாகச் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வந்துகொண்டிருக்கிறேன் என்றவரைப் போய்விட்டார் என்று ஏன் எழுதினாய் என்று கேட்டார்.

நான் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தேன்.

"நம்ம ஊர்ல எப்படின்னு சொல்லுங்க சார்."

அவர் கொஞ்ச நேரம் எடுத்துச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். எங்கள் பேச்சு வழக்கு முழுவதும் மூன்று வரியில் அடங்கிவிட்டது. தவறு பல பேர் மேல் விழுந்தது. புளோயரை நிறுத்தியது, குழாய் கசிந்தது, உள்ளே ஆள் உண்டா என்று இரண்டாம் முறை பார்க்காதது. என் பங்கு அதில் ஒன்று. எனக்கு எச்சரிக்கை மட்டும் வந்தது.

விடுதியில் போஸ்டர் அடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. இயல்பாக என்னிடம் வந்தார்கள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தலை காய்ந்தது. முடி உலர்ந்து, தோள் உலர்ந்து, துண்டும் உலர்ந்தது. ஒரு எழுத்து வரவில்லை. தலை வலிக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவருடைய மனைவி போன் செய்தபோது, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார் அம்மா என்றேன். அதற்கு மேல் அந்தப் பெண்ணிடம் நான் பேசவில்லை.

விசாரணை முடியும்வரை ஊருக்குப் போகக் கூடாது, வேலையும் செய்யக் கூடாது. ஐந்து மாதம் அப்படி இருந்தேன். இலவசச் சாப்பாடு கொடுக்கும் இடத்தில் மதியம் வரிசையில் நின்றேன். மீதி நேரம் லிட்டில் இந்தியாவில் நடந்தேன். அந்த இடத்தில் அந்த வார்த்தையிலிருந்து தப்ப முடியாது. காய்கறிக் கடையில் பையைத் தூக்கிக்கொண்டு வரேன் என்பார்கள். கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வரேன் என்பார்கள். ரயில் நிலையப் படியில் இறங்கிக்கொண்டே, காதில் போனோடு, வரேன் வரேன் என்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் நிமிர்ந்து பார்ப்பேன். சொன்னவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்ப்பேன். முனை திரும்பி மறையும்வரை பார்ப்பேன். ஒரு பூக்கடைக்காரர் என்னிடம், "என்ன அண்ணே, ஆள் தேடறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவருக்கு மாலை கொண்டுவந்த ஆள் அப்போதுதான் வரேன் என்று கிளம்பியிருந்தார். அந்த ஆளின் முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஜூரோங்கில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே எழுத ஒன்றும் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. அப்போதுதான் வெல்டரின் மனைவியிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா. இன்னும் ரெண்டு மாசத்துல வருஷத் திதி வருது. ஃபிளெக்ஸ் வைக்கணும். நாலு வரி நீங்கதான் எழுதித் தரணும். வேற யாருகிட்டயும் கேக்க மனசு வரல. அவசரமில்ல. ரெண்டு மாசம் இருக்கு."

அந்த நான்கு வரிக்காகத்தான் நான் வகுப்பில் சேர்ந்தேன். வேறு ஆசை எதுவும் இல்லை. ஒரு மளிகைக் கடைக் கண்ணாடியில் தாள் ஒட்டியிருந்தார்கள். உங்களுக்குள் இருக்கும் படைப்பாளியைத் திறந்துவிடுங்கள், எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், தொழிலாளர்களுக்குக் கட்டணம் இல்லை என்று போட்டிருந்தது. படைப்பாளி என்ற சொல் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் சின்ன எழுத்தில், எழுத உட்கார்ந்தால் எழுத்து வராதவர்கள் அவசியம் வரவும் என்று இருந்தது.

ஒரு சந்துக்குள், பாத்திரக் கடைக்கு மேலே, குறுகிய படி ஏறினால் அறை. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். டீச்சர் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண், இங்கேயே பிறந்தவர், வாரநாளில் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். என் வலப்பக்கம் உட்காருபவர் ஆங் மோ கியோ வட்டாரத்துக்காரர், பேச்சின் கடைசியில் இந்த ஊர் வழக்கப்படி லா போடுபவர், நாற்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடப்பக்கம் சென்னையிலிருந்து வந்த சாப்ட்வேர்ப் பெண். நாவல் எழுதுகிறாளாம். முதல் அத்தியாயத்தைப் பதினோரு முறை எழுதியிருக்கிறாள், இரண்டாவது வரவில்லை.

"பத்து நிமிஷம்," என்றார் டீச்சர். "பேனாவ எடுக்கக் கூடாது. என்ன வருதோ அத எழுதுங்க. ஒண்ணும் வரலைன்னா, ஒண்ணும் வரலன்னே எழுதுங்க."

நான் ஒண்ணும் வரல என்று இரண்டு பக்கம் எழுதினேன். பஸ்காரர் கையை உயர்த்தினார்.

"டீச்சர், எனக்கு பஸ் ஸ்டாப்புதான் வரிசையா வருது."

"அதையே எழுதுங்க அங்கிள்."

"இப்ப டெர்மினல் வந்திருச்சு லா. இறங்கிடவா?"

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு, வரேன் டீச்சர், வரேன் அங்கிள் என்று படி இறங்கினார்கள். நான் படியின் தலைப்பில் நின்று ஒவ்வொருவராக எண்ணினேன். பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். என்னைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வெளியேறும்வரை நின்றேன். டீச்சர் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

இரண்டாவது வாரம் அவர் ஒரு விஷயம் சொன்னார். எழுதவிடாமல் தடுப்பது நமக்குள்ளேயே இருக்கும் ஒரு வாட்ச்மேன்தான். வாசலில் உட்கார்ந்துகொண்டு, இந்த வரி சரியில்லை, அந்த வரி அசிங்கம் என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி விசாரிப்பவன்.

"அவர ஒரு அரை மணி நேரம் டீ குடிக்க அனுப்பிடுங்க. அவர் திரும்பி வர்றதுக்குள்ள நீங்க எழுதிடலாம்."

என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது.

"வாட்ச்மேன் எழுந்து போகக் கூடாது டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

"ஏன், அவருக்கும் பிரேக் வேணாமா?"

"உள்ள ஆள் இருந்தா போகக் கூடாது."

நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று பத்து நிமிடமும் என் தாள் வெள்ளையாக இருந்தது. ஒண்ணும் வரல என்றுகூட எழுதவில்லை. மூன்றாவது வாரம் இடக்கையால் எழுதச் சொன்னார். நான்காவது வாரம் பக்கத்தில் இருப்பவர் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கச் சொன்னார். சாப்ட்வேர்ப் பெண் எனக்கு, அவள் கதவைத் திறந்தபோது, என்று எழுதிக் கொடுத்தாள். நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பஸ்காரருக்கு நான் தொடங்கித் தர வேண்டும். எனக்கு வரவில்லை. அவர் ஒன்றும் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தார். அதற்குள் ஒரு மாதம் போயிருந்தது. வெல்டரின் மனைவியிடமிருந்து இன்னொரு செய்தி. ஃபிளெக்ஸ் கடைக்காரர் கேட்கிறார், அண்ணே, ஞாபகம் இருக்குல்ல.

ஐந்தாவது வாரம் நடந்தது ஒரு சின்ன விஷயம். வகுப்புக்கு உதவிப் பணம் கொடுக்கிறவர்களுக்குக் காட்ட ஒரு வருகைத் தாள் உண்டு. வரும்போது ஒரு கையெழுத்து, போகும்போது ஒரு கையெழுத்து. மேலே ஆங்கிலத்தில் இன், அவுட் என்று இரண்டு கட்டம். இன் கட்டத்தில் நான் ஒழுங்காகப் போட்டுவிடுவேன். அவுட் கட்டத்தில் போட்டதில்லை. கை போகாது. கூட்டத்தோடு கூட்டமாகத் தாளை அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன். தாளைச் சேர்த்து அனுப்பும் பொறுப்பைப் பஸ்காரர் எடுத்துக்கொண்டிருந்தார். அன்று வகுப்பு தொடங்கும் முன் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்.

"தம்பி, இந்த ஷீட்டு பிரகாரம் நீங்க நாலு வாரமா இந்த ரூம்லயே இருக்கீங்க லா. வீட்டுக்கே போகல. சாப்பாடெல்லாம் யாரு கொண்டாந்து தர்றா, டீச்சரா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"உள்ள இருக்கேன்னு ஷீட்ல இருந்தா நல்லதுண்ணே. தேடுவாங்க."

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. சாப்ட்வேர்ப் பெண் என் பக்கம் திரும்பினாள். "என்ன ஆச்சு அங்கிள்?"

சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தொட்டி, துவாரம், பதிவேடு, வரேன், அவருடைய மனைவி என்னிடம் கேட்டிருக்கும் நான்கு வரி. வரேன் என்று சொன்னபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அறையில் இருந்த எல்லோரும் வீட்டிலிருந்து அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பஸ்காரர் வருகைத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன் தம்பி."

"தெரியும்ண்ணே."

வாட்ச்மேனை டீக்கு அனுப்பச் சொன்னது டீச்சருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் அது தெரிந்தது. அன்றைக்கு என்று ஒரு பயிற்சி தயார் செய்து அச்சடித்து வந்திருந்தார். அதைப் பைக்குள் திருப்பி வைத்துவிட்டார்.

"அப்ப வாட்ச்மேனே எழுதட்டும்," என்றார். "கவிதை வேணாம். அவர் என்ன பாத்தார், என்ன கேட்டார், என்ன எழுதினார். பதிவேட்டுல எழுதற மாதிரி எழுதட்டும். எல்லாருக்கும் இன்னைக்கு இதுதான். அவங்கவங்க வாட்ச்மேன்."

நான் தாளை இழுத்தேன். முதலில் அன்றைய கிழமை. பிறகு இறங்கிய ஆறு பேர், ஒவ்வொருவர் இறங்கிய நேரம். எனக்கு எல்லாம் நினைவிருந்தது. ஒரு வருடமாக அதை மறக்கத்தான் முயன்றேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் எந்த நேரமும் ஒரு நிமிடம்கூட நகர்ந்திருக்கவில்லை. பத்து நிமிடம் முடிந்ததா, நாற்பது ஆனதா தெரியாது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று தாள் நிறைந்தது. அச்சு மாதிரி இருக்கும் என் எழுத்து கோணல் கோணலாக ஓடியிருந்தது.

விருப்பப்பட்டவர்கள் படிக்கலாம் என்றார் டீச்சர். நான் படித்தேன். பெட்டிக் கணக்கு ஒப்பிப்பது மாதிரிதான் படித்தேன். முடித்ததும் டீச்சர் ஒரு கேள்வி கேட்டார்.

"இத யாருக்கு எழுதினீங்கண்ணா?"

"இங்க படிக்கத்தான். நீங்க சொன்னீங்கன்னு."

"இல்ல. மூணு இடத்துல, உங்க வீட்டுக்காரர்னு வருது. உங்க வீட்டுக்காரர் கடைசியா ஏறினாருன்னு படிச்சீங்க."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. மூன்று இடத்திலும் என் கைதான் எழுதியிருந்தது. படிக்கும்போதுகூட நான் கவனிக்கவில்லை.

அதை வெல்டரின் மனைவிக்கு அனுப்ப வேண்டுமா கூடாதா என்று அவர்களுக்குள் பேச்சு வந்தது. சாப்ட்வேர்ப் பெண்ணுக்குப் பயம். "அங்கிள், எழுத்துல குடுத்தா அது ப்ரூஃப் ஆயிடும். நாளைக்கு உங்க மேலயே திருப்பினா?"

"திருப்பினா திருப்பட்டும் லா," என்றார் பஸ்காரர். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஆனா தம்பி, அந்தப் பிள்ள உங்ககிட்ட கேட்டது நாலு வரி. நீங்க குடுக்கப் போறது இது. தாங்குமான்னு யோசிச்சுக்குங்க."

நான் யோசித்தது வேறு. அந்தப் பெண் என்னை அண்ணே என்று கூப்பிடுகிறார். உலகத்தில் என் எழுத்துக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்றால் அது அவர்தான். இதை அனுப்பினால் அந்தக் குரல் மறுபடி எனக்கு வராது. அனுப்பாவிட்டால் வந்துகொண்டே இருக்கும், நான்தான் கேட்க முடியாமல் இருப்பேன். பாத்திரக் கடை வாசலில் நின்று மூன்று தாளையும் படம் எடுத்தேன். மூன்றாவது படத்தில் என் கட்டைவிரல் விழுந்திருந்தது. அப்படியே அனுப்பினேன். கீழே, நாலு வரி வரலம்மா, இதுதான் வந்துச்சு, என்று போட்டேன். வாட்ஸ்அப்பில் இரண்டு கோடுகளும் நீலமாக மாறின.

அந்த வாரம் முழுக்கப் பதில் இல்லை. கிடங்கில் ஒரு பெட்டியைத் தவறான அடுக்கில் வைத்துச் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். பொதுவாக எனக்கு அப்படி ஆகாது. அடுத்த வாரமும் பதில் இல்லை. ஆறாவது வகுப்புக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிளம்பிவிடலாமா என்று தோன்றியது. வேறு நாடு, வேறு வேலை. எனக்கு அது பழக்கம்தான். விடுதியில் பையைக்கூட இறக்கி வைத்தேன்.

ஏழாவது ஞாயிறு, எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. வெல்டரின் மனைவிதான். படிக்கு வந்து எடுத்தேன்.

"அண்ணே." குரல் தட்டையாக இருந்தது. "நீங்க எழுதினது நெஜமா?"

"நெஜம்மா."

"கண்ணாடி எடுக்கத்தான் போனாரா?"

"ஆமாம்மா. கூடு கையில இருந்துச்சு. நான் பாத்தேன்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"எங்கிட்ட அப்படிச் சொல்லலண்ணே. சாப்பாட்டு நேரத்துல தூங்கறதுக்கு உள்ள போனாருன்னு சொன்னாங்க. உங்க விடுதியிலேருந்து திரும்பி வந்த ஒருத்தர் வந்து சொன்னார். தூங்கற மாதிரியே படுத்திருந்தாராம். இங்க எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. வேலைக்குப் போன எடத்துல தூங்கப் போயிச் செத்தான்னு. ஒரு வருஷமா நானும் அவர் மேல கோவமாதான் இருக்கேன். படத்துக்கு வெளக்கு ஏத்துறப்பகூடத் திட்டிக்கிட்டேதான் ஏத்துவேன்."

இது எனக்குத் தெரியாது. வேலைக்கு நடுவே தொட்டிக்குள் போய்ப் படுப்பவர்கள் உண்டு. யாரோ அதை அவர் மேல் வைத்துப் பேசியிருக்கிறார்கள். அதிகாரியிடம் நான் சொன்னது ஏதோ ஒரு கோப்பில் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார் என்பது. என் பயத்தை நான் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரு வருடமும் வெல்டர் அங்கே ஊரார் வாயில் தூங்குமூஞ்சியாகச் செத்துக்கிடந்திருக்கிறார்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"நான் ஸ்பீக்கர்ல போடறேன். அவரோட அண்ணன் இருக்கார். மாமியார் இருக்காங்க, சித்தப்பா இருக்கார். திதி பத்திப் பேச எல்லாரும் வந்திருக்காங்க. நான் படிச்சுக் காட்டினேன். நம்பல. நானே எழுதி வச்சுக்கிட்டேன்கறாங்க. நீங்க சொல்லுங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

சத்தம் மாறியது. ஒரு பெரிய கூடத்தின் சத்தம். மின்விசிறி, தம்ளர் வைக்கும் ஓசை, யாரோ இருமினார்கள். எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. எழுதும்போது எனக்கு எதிரே தாள் மட்டும்தான் இருந்தது. இப்போது முகம் தெரியாத ஒரு வீடே உட்கார்ந்திருந்தது. என் பெயரைச் சொன்னேன். என் வேலை என்னவென்று சொன்னேன். தொட்டி எப்படி இருக்கும், பதிவேடு எதற்கு, அவர் எத்தனை மணிக்கு ஏறினார், என்ன சொன்னார், நான் என்ன எழுதினேன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை. கண்ணாடிக் கூட்டைச் சொன்னபோது மட்டும் ஒரு வயதான குரல் ஏதோ முனகியது.

முடித்த பிறகு ஒரு ஆண் குரல் கேட்டது. அண்ணனாக இருக்க வேண்டும்.

"நீ நிமிந்து பாத்திருந்தா?"

அதிகாரி இதைக் கேட்டதில்லை. வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை. நானும் என்னை இந்த வார்த்தைகளில் கேட்டுக்கொண்டதில்லை.

"நிமிந்து பாத்திருந்தா அவர் இறங்கறது தெரிஞ்சிருக்கும். புளோயர நிறுத்த விட்டிருக்க மாட்டேன்."

"அப்ப இருந்திருப்பான்."

"இருந்திருப்பார்."

அந்தப் பக்கம் யாரோ தம்ளரை நகர்த்தினார்கள். பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்தது, போனுக்குக் கொஞ்சம் தள்ளி, ஆனால் தெளிவாக.

"கேட்டீங்கல்ல," என்றார்.

என்னிடம் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம்.